மூச்சிரைப்பும் சம்மதமே

இன்று காலை வேலூர்க் கோட்டையில் பெரியப்பா நடந்தார், நான் ஓடினேன். இருவரும் ஒரே வேகத்தில் சென்றோம் என்பதுதான் இதில் உள்ள அவமானம்.

மணிக்கு 6 கிலோமீட்டர் இருக்கலாம். அந்த வேகத்திலேயே அவர் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், சமையல்காரரின் பேராசை, பாலாற்று மணல் என்று முற்றுப்புள்ளியே இல்லாமல் பேசிக்கொண்டு வந்தார். என்னிடமிருந்து பதிலாக வந்ததெல்லாம் வெறும் காற்று.

இதில் நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. நடப்பவருக்கு எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஊன்றிய காலின்மேல் உடல் தலைகீழ் ஊசலைப்போல் ஏறி இறங்குவதால், ஏறும்போது செலவான ஆற்றலில் பெரும்பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஓடுகிறவனோ அடிக்கொருமுறை இரு கால்களையும் தரையிலிருந்து எடுத்து, எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசையுடன் வந்து விழுகிறான். என் 80 கிலோவுக்கு அது என்ன கணக்கு என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். குதிகால் தசைநாண் சுருள்வில்லாக இருந்து கொஞ்சம் திருப்பித் தரும் என்றாலும், மடங்கிய காலைத் தாங்கிப் பிடிக்கும் வேலை தசையினுடையதே. மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்குக் கீழே ஓடுவதைவிட நடப்பதே சிக்கனம். ஆகவே அவருக்கு இணையாக ஓடிய நான் அவரைவிட அதிகமாக உழைத்தேன் என்பதைக் குடும்பத்தார் குறித்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, பழகாத உடலில் நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றும் அவசரத்தில் இருக்கும்போது சொற்களுக்கு வழி கிடைப்பதில்லை. பேச முடியாத வேகம் புதியவர்களுக்கு ஆகாது, ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். பெரியப்பா பக்கத்தில் வரும்போது யார் நடந்து காட்டுவது?

ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தருகே வந்தபோது, “பத்திரிகை வைக்க நீயே போய்விடுகிறாயா?” என்று கேட்டார். எனக்கு “ஆ… ஹா… ஆ…” என்று இரைத்தது.

“நல்ல பிள்ளை” என்றார்.

1806இல் இதே கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். எனக்கு ‘முடியாது’ என்ற ஒரு சொல் எழவில்லை. நான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் கைப்பேசியில் பெரியம்மாவுக்கு ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் என்று பட்டியலே சொல்லி முடித்திருந்தார். அக்னி நட்சத்திரத்தில், இருசக்கர வண்டியில், ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்தாக வேண்டும். “இந்த வெயிலில் பிள்ளை தாங்குவானா?” என்று பெரியம்மா ஒருவர்தான் கேட்டாராம்.

“ஓடுகிற பிள்ளைக்கு என்ன?” என்று சொல்லி, பேரணாம்பட்டையும் சேர்த்துவிட்டார்.