உயிரோடு யாரும் பார்க்காத தேள்

ஜூன் 8, ஞாயிறு, காட்பாடி

இரண்டு நாளாக ஒரு தேள் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இஸ்ரேலில் ராம்லா பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. 2006-இல் அங்கே தோண்டும்போது அய்யலோன் குகை திறந்துகொண்டது. அதுவரை வெளியுலகமே எட்டிப் பார்க்காத இடம். உள்ளே ஒரு நிலத்தடிக் குளம். கந்தகத்தைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாதான் அங்கே எல்லாருக்கும் சோறு. தண்ணீரில் கண்ணில்லாத இறால். கரையில் தேள்கள், அவற்றுக்கும் கண்ணே கிடையாது. ஆனால் கிடைத்தவை எல்லாம் காய்ந்துபோன வெற்றுக் கூடுகள். 2007-இல் அக்ராவ் இஸ்ரச்சனானி என்று பெயர் வைத்தார்கள்.

ஜூன் 10

நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் குளம் இறங்கி, இரை அற்றுப்போய், தேள் அழிந்திருக்கலாம் என்பது கண்டெடுத்தவர்களின் கணிப்பு. பாலாற்றில் ஊற்று தோண்டிக் குடித்த ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று எங்கள் தெருவில் ஆயிரம் அடி போர் போட்டும் காற்றுதான் வருகிறது.

ஜூன் 14, சனி, வள்ளிமலை அடிவாரம்

இருட்டிய பிறகு புற ஊதா டார்ச்சோடு போனேன். பாறை இடுக்கில் ஒரு கருந்தேள், நீலப்பச்சையாக ஒளிர்ந்தது. முதுகில் குஞ்சுகள், வெள்ளை வெளேரென்று. அவை மட்டும் ஒளிரவில்லை; முதல் தோல் உரித்த பிறகே பளபளக்கத் தொடங்கும். டார்ச்சை அணைத்துவிட்டேன், அந்த வெளிச்சம் அவற்றுக்குத் தொல்லை.

ஆடு ஓட்டிவந்த பெரியவர் கேட்டார்: "இன்னாத்துக்கு தம்பி தேளைப் போட்டோ புடிக்கிற? கண்ல பட்டா அடிக்க வேணாமா?"

"இது கருந்தேள் பெரியப்பா, கொட்டினா வலிதான். செந்தேள்தான் உயிருக்கு ஆபத்து."

"அப்ப அந்தாண்ட குவாரிப் பக்கம் போய்ப் பாரு. மின்ன நெறைய இருந்துச்சி."

ஜூன் 15

உலகில் பெயரிடப்பட்ட தேள் இனங்கள் 2,500-க்கும் மேல். எந்த உயிரினம் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்பட்டவை மிகச் சிலவே. புலிக்குக் கணக்கெடுப்பு நடக்கிறது, தேளுக்கு யார் வருவார்? குவாரி திறந்துதான் அய்யலோன் தேள் நமக்குத் தெரியவந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டது. இங்கே கல் உடைபடும் முன்பே பார்த்து எழுதிவைக்க முடியும். பெரியவர் சொன்ன குவாரியிலிருந்து தொடங்குகிறேன். எந்த இடுக்கில் எது இருக்கிறது என்று படமும் தேதியுமாக இங்கேயே பதிகிறேன். வள்ளிமலை, அமிர்தி பக்கம் இருப்பவர்கள் கூட வந்தால் நல்லது.