கிரான் லாக், வால் அறுபடாம, கண்காணிப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தாச்சு

கிரான் (குறிச்ச நேரத்தில் வேலையைத் தானா ஓட்டற லினக்ஸ் நிரல்) ஓட்டற ஆர்சிங்க், ரெஸ்டிக்னு ரெண்டு பேக்கப் நிரல்களும் ராத்திரி கக்குறதெல்லாம் கடைசி வரி வரைக்கும், வேலை நேரத்துக்கு முடிஞ்சுதான்னு கண்காணிக்கிற ஹெல்த்செக்ஸ்.ஐஓ பக்கத்தில் வந்து உட்கார்ந்துடுச்சு. எல்லாம் சரின்னு காட்டற பச்சைப் புள்ளி வர்றது பெரிய காரியமில்லைங்க, அது முதல்ல இருந்தே வந்துட்டுத்தான் இருந்தது. சிவப்பு வரவேண்டிய அன்னைக்குச் சிவப்பு வருது, என்ன கெட்டுப்போச்சுன்னு எஸ்எஸ்ஹெச் போட்டு மெஷினுக்குள்ள போகாம ஃபோன்லயே படிக்க முடியுது. இது ரெண்டும்தான் புதுசு.

மெஷின்: சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோன் ஆபீஸ் அறையில் இருக்கிற ராஸ்பெரி பை 4. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து கணக்குக் கோப்புகள், துணி சாம்பிள் படங்கள் எல்லாத்தையும் ஆர்சிங்க் இழுத்து வெளி டிஸ்க்கில் போடும், அப்புறம் ரெஸ்டிக் அதை வெளியூர் சேமிப்புக்கு அனுப்பும். ஃபோல்டர் பேரெல்லாம் பாவு, ஊடை, கூலிக் கணக்குன்னு தமிழ்லதான். பாதித் தலைவலி இந்தப் பேருகளால வந்தது, கீழே சொல்றேன்.

கணக்குத் தொடங்கறது, செக் (கண்காணிக்க வேண்டிய ஒரு வேலைக்கான பதிவு) உருவாக்கறது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டு மட்டும். செக்கில், வேலை எப்போ ஓடணும்னு சொல்ற கிரான் எக்ஸ்பிரஷன் கொடுத்தா நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தான்னு மாத்திடணும். யூடிசியில் விட்டா அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போய், வேலை ஒழுங்கா முடிஞ்ச அன்னைக்கும் அலாரம் அடிக்கும். இன்னொண்ணு கிரேஸ் நேரம், அதாவது அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி பொறுத்துப் பார்க்கிற நேரம். வேலை தொடங்குதுன்னு /ஸ்டார்ட் பிங் (அந்தத் தளத்துக்கு நம்ம மெஷின் அனுப்பற சேதி) அனுப்பினா அதே கிரேஸ் நேரம்தான் வேலை ஓட அனுமதிச்ச உச்ச நேரமாவும் ஆயிடுது. முக்கால் மணி ஓடுற வேலைக்கு ஒண்ணரை மணி கிரேஸ் வெச்சா சரியா இருக்கும். பத்து நிமிஷம் வெச்சா வேலை நடந்துட்டு இருக்கும்போதே சிவப்பாயிடும்.

இனி தகராறு பண்ணின இடம். பெரும்பாலானவங்க செய்யறது என்னன்னா, கமாண்டோட வெளியீட்டை ஒரு மாறியில் பிடிச்சு, பிங்கை அனுப்பற கர்ல் கமாண்டுக்கு --டேட்டா-ரா கொடுத்து அனுப்பறது. நாலு வரி வெளியீடுன்னா இது போதும். லினக்ஸில் ஒரே ஒரு ஆர்க்யுமென்டின் அளவு 128 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது, அதாவது 1,31,072 பைட். தாண்டினா 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'னு சொல்லிட்டு கர்ல் கிளம்பறதே இல்லை, பிங்கும் போகாது. வெளியீடு எப்போ அவ்வளவு பெருசாகும்? டிஸ்க் பழுதாகி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எரர் வரி வர்ற அன்னைக்குத்தான். அதிகமா பேச வேண்டிய நாள்ல வாயடைச்சுப்போற ஏற்பாடு இது. சத்தமே வரலைன்னா கிரேஸ் முடிஞ்சதும் அலாரம் வரும், அது வேற விஷயம். ஆனா காரணம் கையில் இருக்காது.

அதனால மாறியே வேண்டாம். மேக்டெம்ப் போட்டு ஒரு தற்காலிகக் கோப்பு, வெளியீடு எல்லாம் அதுக்குள்ள, கர்லுக்கு அந்தக் கோப்பு. இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கு: -டி போட்டு @ கோப்புப்பேர் கொடுத்தா கர்ல் வரி முறிவுகளை எல்லாம் தின்னுட்டு ஒரே நீளமான வரியா அனுப்பும். --டேட்டா-பைனரிதான் போடணும். அது இருக்கிறதை இருக்கிறபடியே அனுப்பும்.

அடுத்தது அளவு. ஹெல்த்செக்ஸ் ஒரு பிங்குக்கு 100 கிலோபைட் வரைக்கும் வெச்சுக்கும், அதுவும் முதல் 100 கிலோபைட். மீதியைத் தூக்கிப் போட்டுடும். எரர் இருக்கிறது எங்கே? கடைசியில். ஆர்சிங்கோட 'ரிசீவ்ட்' கணக்கு, ரெஸ்டிக்கோட 'ஸ்னாப்ஷாட் சேவ்ட்' வரி எல்லாமே வால்ல. முழுக் கோப்பையும் அனுப்பினா நமக்கு வேண்டாத தலை போய்ச் சேர்ந்து, வேண்டிய வால் அறுந்துபோகும். (சொந்தமா சர்வரில் நிறுவினா வரம்பு இன்னும் கம்மி. பிங்_பாடி_லிமிட் மாறியில் இயல்பா 10,000 பைட்தான் இருக்கும், உயர்த்திக்கணும்.)

டெயில் கமாண்டில் -சி போட்டு கடைசி 95,000 பைட்டை எடுக்கலாம். ஆங்கில லாகுக்கு அது போதும். தமிழ்னா ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல் 3 பைட். 'பாவு'ன்னு நாம ரெண்டெழுத்தா பார்க்கிறது உள்ளே ப, கால், வ, உகரக்குறின்னு நாலு குறி, 12 பைட். பைட் கணக்கில் வெட்டினா வெட்டு ஒரு குறியோட நடுவில் விழலாம், அப்ப முதல் எழுத்து கேள்விக்குறிப் பெட்டியா வரும். செல்லாத பைட்டை நீக்கற ஐகான்வ் -சி வழியா விட்டா அந்தச் சிதறல் போயிடும். ஆனா குறி முழுசா இருந்தும் எழுத்துக்கு நடுவில் வெட்டு விழுந்தா, புள்ளி வட்டத்தில் ஒட்டிக்கிட்டு ஒரு கால் மட்டும் தொங்கும். ஐகான்வுக்கு அது தப்பாவே தெரியாது.

கடைசியா நிலைச்ச வழி, எழுத்தைப் பத்தியே யோசிக்காம வரியில் வெட்டறது. கோப்பு 95,000 பைட்டுக்குள்ள இருந்தா அப்படியே அனுப்பு. தாண்டினா ஹெட் -சி போட்டு முதல் 15,000 பைட், அதில் கடைசி அரைகுறை வரியை வரிகளைத் திருத்தற செட் கமாண்டில் '$டி' போட்டு நீக்கு. அப்புறம் 'நடுவில் வெட்டியது'ன்னு நாமளே ஒரு வரி. அப்புறம் டெயில் -சி போட்டு கடைசி 75,000, அதில் முதல் அரைகுறை வரியை டெயில் -என் +2 போட்டு நீக்கு. தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும், எழுத்தும் உடையாது. அளவைப் பார்க்காம எப்பவும் முதல் வரியை நீக்கினா சின்ன லாகுகளில் உண்மையான முதல் வரி காணாமப் போகும், அதனால கோப்பு எத்தனை பைட்னு சொல்ற டபிள்யூசி -சி சோதனை கட்டாயம்.

இப்படியும் தமிழ் லாக் சீக்கிரமே ரொம்பிடுதேன்னு பார்த்தா, திருடன் ஆர்சிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கான். மொழி, எழுத்துக்குறியைச் சொல்ற லாங் மாறி வெறுமையா இருக்கிற சூழலில் ஆர்சிங்க் ஓடினா, ஆஸ்கிக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பைட்டையும் \#340 மாதிரி அஞ்சு கேரக்டரா எழுதும். 'ப' மட்டும் \#340\#256\#252ன்னு வரும். 12 பைட் 'பாவு' 60 பைட் ஆயிடுது. லாக் அஞ்சு மடங்கு வீங்கறது ஒருபக்கம், எந்தக் கோப்புல எரர்னு மனுஷன் படிக்கவும் முடியாது. டெர்மினலில் கையால ஓட்டினா லாங் அமைஞ்சிருக்கும், தமிழ் ஒழுங்கா வரும், அதனால அங்கே சோதிச்சா இது கண்ணுல படாது. ஆர்சிங்குக்கு -8 போடலாம். இல்லைன்னா கிரான்டேப் தலையிலேயே லாங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8ன்னு வெச்சிடலாம், மத்த கமாண்டுகளுக்கும் சேர்த்து உதவும்.

அப்புறம் ஆர்சிங்கின் --புரோக்ரஸ். அதை எடுத்துடுங்க. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழிச்சு எழுதுற கேரேஜ் ரிட்டர்ன்கள் கோப்புல மூட்டை மூட்டையா சேரும்.

கமாண்ட் எப்படி முடிஞ்சதுன்னு சொல்ற எண், அதாவது முடிவுக் குறியீடு பத்தியும் சொல்லியாகணும், பச்சைப் புள்ளி பொய் சொல்றதுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான். ஆர்சிங்கோட வெளியீட்டை, கோப்புக்கும் திரைக்கும் சேர்த்து அனுப்பற டீ கமாண்டுக்குள்ள பைப் பண்ணினா, கடைசியில் கிடைக்கிறது டீயோட குறியீடு. டீ பெரும்பாலும் வெற்றிகரமாத்தான் முடியும். பாஷ் ஷெல்னா, பைப்பில் எது தோத்தாலும் காட்டற பைப்ஃபெயில் போடலாம், ஆனா கிரான் இயல்பா ஓட்டறது /பின்/எஸ்ஹெச், ராஸ்பெரி பையில் அது டேஷ்ங்கிற வேற ஷெல். கிரான்டேப் வரியிலேயே பாஷ் வித்தை காட்டாம, எல்லாத்தையும் ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டு, கோப்புக்குத் திருப்பிவிட்டு, அடுத்த வரியிலேயே, அந்தக் குறியீடு இருக்கிற $?ஐ ஒரு மாறியில் பிடிக்கறது நல்லது. நடுவில் ஒரு எக்கோ போட்டாலும் அந்தக் குறியீடு போச்சு. திருப்பிவிடும்போதும் முதல்ல > கோப்பு, அப்புறம் 2>&1. மாத்திப் போட்டா எரரெல்லாம் கிரான் மெயிலுக்குப் போகும், லாக் சுத்தமா இருக்கும், எல்லாம் நல்லபடியா நடந்த மாதிரி தெரியும்.

பிடிச்ச எண்ணைப் பிங் முகவரி கடைசியில் சாய்கோடு போட்டு ஒட்டினா போதும். 0ன்னா வெற்றி, 1 முதல் 255 வரை தோல்வி. /ஃபெயிலைத் தனியா கூப்பிடத் தேவையில்லை. ஆனா ஆர்சிங்கின் 24ஐ அப்படியே அனுப்பாதீங்க. நகல் எடுத்துட்டு இருக்கும்போதே ஏதோ கோப்பு காணாமப் போச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். ஆபீஸில் யாராவது கம்ப்யூட்டரைப் பயன்படுத்திட்டு இருந்தா அடிக்கடி வரும், 0ஆ மாத்தி அனுப்பலாம். 23 அப்படியில்லை, சில கோப்புகள் நகலாகவே இல்லை. ரெஸ்டிக்கின் 3ம் அதே வகை: ஸ்னாப்ஷாட் உருவாகியிருக்கும், ஆனா சில மூலக் கோப்புகளைப் படிக்க முடியலை. இது ரெண்டையும் சிவப்பாவே விடணும்.

வேலை தொங்கிப்போற ஆபத்துக்கு டைம்அவுட் கமாண்ட். நேரம் முடிஞ்சு கொன்னா 124 வரும், பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிஞ்சிடும். பைத்தான் ஸ்கிரிப்ட் இருந்தா பைத்தான் -யூ போடணும். கோப்புக்கு எழுதும்போது பைத்தான் மூட்டையா சேர்த்துவெச்சுத்தான் கொட்டும், நடுவில் கொன்னா சேர்த்துவெச்சதெல்லாம் போயிடும், எந்த வரியில் நின்னதுன்னே தெரியாது.

கர்ல் வரி இப்போ இப்படி: சின்ன எஃப், சின்ன எஸ், பெரிய எஸ், -எம் 10, --ரீட்ரை 8. எல்லாரும் காப்பி அடிக்கிற 5 ரீட்ரை, முயற்சிகளுக்கு நடுவில் 1, 2, 4, 8, 16ன்னு மொத்தம் 31 நொடிதான் காத்திருக்கும். கரண்ட் வந்து ஃபைபர் மோடம் எழுந்து லைன் பிடிக்க அது பத்தாது. 8 வெச்சா 255 நொடி, நாலு நிமிஷத்துக்கு மேல. கனெக்‌ஷன் மறுப்பு மாதிரி மத்த எரருக்கும் திரும்ப முயற்சிக்கணும்னா --ரீட்ரை-ஆல்-எரர்ஸ், கர்ல் 7.71.0 இல்லை அதுக்கு மேல இருந்தா உண்டு.

இன்னும் அடங்காம இருக்கிறது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில் 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம்தான் வரும். பை 4ல் கடிகாரச் சில்லு கிடையாது. ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் நிரல் கடைசியா சேமிச்ச நேரத்தோட மெஷின் எழுந்து, இணையத்தில் இருந்து என்டிபி நேரம் கிடைச்சதும் ஒரே தாவா சாயங்காலத்துக்குப் போகும். டெபியன் கிரான் 3 மணி நேரத்துக்குக் குறைவான தாவலைக் கவனிச்சு, விட்டுப்போன வேலைகளை உடனே ஓட்டும். அதுக்கு மேல போனா 'கடிகாரத்தைத் திருத்தியிருக்காங்க'ன்னு நினைச்சு விட்டுடும். மதியத்துக்குன்னு ஒரு வேலை வெச்சிருந்தா, ரெண்டு மணி நேரக் கட்டுன்னா அது தாமதமா ஓடும், ஏழு மணி நேரக் கட்டுன்னா ஓடவே ஓடாது. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே மெஷின், ரெண்டு விதமான நடத்தை. காரணம் தெரியாம லாகை எவ்வளவு உத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

இதுக்காக டிஎஸ்3231ங்கிற கடிகார மாட்யூல் ஒண்ணு வாங்கியாச்சு. கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டா பெரும்பாலும் எடுத்துத் தர்றது நீல நிற இசட்எஸ்-042 போர்டு. அதில் பேட்டரியை சார்ஜ் பண்ற சர்க்யூட் இருக்கு, திரும்பச் சார்ஜ் ஏத்தற எல்ஐஆர்2032 செல்லுக்குன்னு போட்டது. சாதாரண சிஆர்2032 சார்ஜ் ஆகக்கூடாத செல். அதை மாட்டி 5 வோல்ட் கொடுத்தா ஊதிப்போகலாம். கடையில் இதைச் சொல்ல மாட்டாங்க, செல்லும் கூடவே ஒண்ணு போட்டுக் கொடுப்பாங்க. சார்ஜ் பாதையில் இருக்கிற டயோடைச் சால்டர் அயர்ன் வெச்சு எடுத்துட்டு, பையில் 3.3 வோல்ட் பின்னில் கொடுக்கணும். பையோட கான்ஃபிக் கோப்புல சேர்க்கிற ஓவர்லே வரி ஐ2சி-ஆர்டிசி, டிஎஸ்3231. பை 5 வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த வேலையே இல்லை, கடிகாரம் போர்டிலேயே இருக்கு, பேட்டரி மட்டும் மாட்டினா போதும்.

தறிக்குடோன் பஞ்சுத் துகளுக்கு ஃபேன் வெச்ச பெட்டி ஆகாது, ஒரே மாசத்தில் இறக்கையில் திரி மாதிரி சுத்திக்கும். முழு அலுமினியப் பெட்டிதான் தாங்குது. ஜிபிஐஓ பின்னுக்கு அதில் இடம் விட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க, இல்லைன்னா கடிகார மாட்யூலை உள்ளே வெச்சு மூட முடியாது. இப்ப மாட்யூல் வெளியில்தான் தொங்குது, டயோடு எடுத்தாச்சு, ஒயர் இன்னும் கொடுக்கலை.

அது முடிஞ்சதும் கிரானையே விட்டுட்டு லினக்ஸில் இதே வேலையைச் செய்யற சிஸ்டம்டி டைமருக்குப் போகலாம்னு இருக்கு. பெர்சிஸ்டென்ட்=ட்ரூ போட்டா மெஷின் அணைஞ்சிருந்தப்போ விட்டுப்போனதை எழுந்ததும் ஓட்டிடும், 3 மணி நேரக் கணக்கெல்லாம் இல்லை. கடிகாரம் சரியாகறவரைக்கும் வேலை காத்திருக்கணும்னா, சர்வீஸ் கோப்பில் ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட் எழுதினா மட்டும் பத்தாது, சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸையும் எனேபிள் பண்ணியாகணும். இல்லைன்னா அந்த டார்கெட் எதுக்கும் காத்திருக்காது. வேலை நின்னதும் ஓடற எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்டில் எக்ஸிட்_ஸ்டேட்டஸ் மாறி தானா கிடைக்கும்கிறதால $?ஐத் துரத்தற வேலையும் போயிடும். அந்த மாறியில் சிக்னல் பட்டுச் செத்த வேலைக்கு எண்ணுக்குப் பதில் 'கில்' மாதிரி பேர் வரும். அதைப் பிங் முகவரியில் அப்படியே ஒட்டினா சர்வர் ஏத்துக்காது, எண்ணா இல்லைன்னா /ஃபெயில்னு மாத்தி அனுப்ப ஒரு வரி சேர்க்கணும்.