எந்த டாக்டர் முதலில்?

குழந்தை வேண்டும் என்றுதான் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கே போனேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பம் கூடாது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தையல் இழுத்ததால் இரண்டையும் ஒத்திவைத்தேன்.

அப்போது எனக்கு 31 வயது, 116 கிலோ. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாதவிலக்கு எப்போதாவது நினைத்துக்கொண்டு வரும் விருந்தாளி மாதிரி. மருந்து, நடை, பட்டினி எல்லாம் பார்த்துவிட்டு கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டேன். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து வைத்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும். நம் உடம்பு இரும்புச்சத்தை முக்கியமாக எடுத்துக்கொள்வது அந்த முதல் பகுதியில்தான். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொன்னார்கள். அப்போது எனக்கு எடை ஒன்றுதான் காதில் விழுந்தது.

19ஆம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. படுத்தே கிடந்ததால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். இரண்டு நாளில் கால் வீங்கிச் சூடாகிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ் சிரையில் ரத்தக்கட்டி தெரிந்தது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு. ஆனால் எனக்கு வராமலிருக்க ஊசி போட்டும் வந்ததால் ரத்தவியல் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவில் வந்த பெயர் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்.

லெய்டன் என்பது கண்டுபிடித்த டாக்டரின் பெயர் என்றே நினைத்தேன். நெதர்லாந்தில் இருக்கும் ஊராம். அங்கே 1994இல் கண்டறிந்ததால் அந்தப் பெயர். ரத்தம் உறைய உதவும் காரணிகளில் ஐந்தாவது ஒன்று உண்டு. அதன் வேலை முடிந்ததும் அடக்கி உட்கார வைக்க உடம்பில் புரோட்டீன் சி என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். என்னுடைய ஐந்தாம் காரணி அவன் பேச்சைச் சட்டென்று கேட்காது. மரபணுவில் உள்ள ஒரு மாற்றம்தான் காரணம். எனக்கு இருப்பது அதன் ஒற்றைப் பிரதி, அதாவது அப்பா அல்லது அம்மா ஒருவரிடமிருந்து வந்தது. யாரிடமிருந்து என்று வீட்டில் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. சித்தப்பாவுக்கு ஒருமுறை காலில் கட்டி வந்தது ஞாபகத்துக்கு வந்ததும் அம்மா முகத்தில் தெரிந்த நிம்மதியை மறக்கவே மாட்டேன்.

முதலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி, அப்புறம் அதே வேலைக்கு மூன்று மாதம் வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதனால் அந்த மாதங்களில் கர்ப்பம் ஆகவே கூடாது.

“எனக்குத்தான் தானா ஆகாதே டாக்டர்” என்றேன். மகப்பேறு மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. எடை இறங்க இறங்கக் கருமுட்டை வெளிவருவது தானாகவே சீராகும். இதே தைரியத்தில் இருந்துவிட்டு, ஆபரேஷன் முடிந்த சில மாதங்களிலேயே கர்ப்பமாகி வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். சரி, எதைக் கொண்டு தடுப்பது? வழக்கமான கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அது ரத்தக்கட்டி வாய்ப்பை ஏற்றும். போதாததற்கு, பைபாஸ் செய்த குடலில் மாத்திரை முழுதாகச் சேருமா என்பதும் சந்தேகம். காப்பர் டி போட்டால் உதிரப்போக்கு கூடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவளுக்கு, அதுவும் இரும்பு இறங்கிக்கொண்டிருப்பவளுக்கு, அது ஆகாது. கடைசியில் கர்ப்பப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள லூப் போட்டார்கள். ஏழு வருஷம் குழந்தைக்காக ஏங்கியவள், குழந்தை வராமலிருக்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றதும் அப்புறம் அவள் பேசவில்லை.

14ஆம் மாதம் 74 கிலோவுக்கு வந்திருந்தேன். இனித் திட்டமிடலாம் என்று மூன்று டாக்டர்களையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

அறுவை சிகிச்சை மருத்துவர், எடை சில மாதங்கள் ஒரே இடத்தில் நிற்கட்டும், சத்துகள் நிரம்பட்டும், அதுதான் முதலில் என்றார். மகப்பேறு மருத்துவர், வயது 32 ஆகிவிட்டது, லூப்பை எடுப்பதுதான் முதலில் என்றார். கர்ப்பத்தில் ஹெப்பாரின் ஊசி வேண்டுமே என்று கேட்டதற்கு, ஆபரேஷனால் வந்த கட்டிதானே, 28ஆம் வாரத்தில் ஆரம்பித்தால் போதும் என்றார். ரத்தவியல் மருத்துவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஒரு காரணம் சரி, அதோடு பரம்பரைக் காரணமும் சேர்ந்திருக்கிறது, அதனால் டெஸ்டில் இரண்டு கோடு வந்த அன்றே ஊசி என்றார். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் உறையும் தன்மை கூடும்; பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. கட்டி வரும் வாய்ப்பு சாதாரண நாட்களைவிட நான்கைந்து மடங்கு. பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரம் அதைவிட மோசம். என் விஷயத்தில் இதற்கு மேல் காரணியும் பழைய கட்டியும்.

மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் உறுப்பைப் பார்த்துச் சொன்னார்கள். வயிறு ஒருவருக்கு, ரத்தம் ஒருவருக்கு, கர்ப்பப்பை ஒருவருக்கு. நான் மட்டும் யாருடைய கணக்கிலும் முழுதாக இல்லை.

என் கணவர் எதையும் அட்டவணை போட்டுப் பார்க்கிறவர். வழக்கமாக எரிச்சல் வரும், அன்று வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் நடுவில் கோடு இழுத்து, கர்ப்பத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒருபக்கம், பின் செய்ய வேண்டியது மறுபக்கம் என்று எழுத ஆரம்பித்தோம். எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது: இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள்.

உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு அப்போது 6. ஹீமோகுளோபின் 10.1. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக் கூடாது என்று இரண்டு மணி நேர இடைவெளிக்கு அலாரம் வைத்துச் சாப்பிட்டேன். ஏறவில்லை. இந்த நிலையில் லூப்பை எடுத்து உடனே கரு தங்கிவிட்டால், மாத்திரையும் பிடிக்காது, ஏற்றவும் முடியாது, மூன்று மாதம் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான். ஆக, லூப் எடுப்பது இரும்புக்குப் பிறகுதான். இதைச் சொன்னதும் மகப்பேறு மருத்துவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “நியாயம்தான்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

16ஆம் மாதம் இரும்பு ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு டெஸ்ட் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் எட்டு வாரம் கழித்துப் பார்த்தோம். ஃபெரிட்டின் 84, ஹீமோகுளோபின் 12.6. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று போனைப் பார்ப்பது மாதிரி நடிக்கும் பழக்கம் அன்றோடு போனது.

மற்ற சத்துகளிலும் வரிசை உண்டு. ஃபோலிக் ஆசிட் தொடங்கும் முன் பி12 அளவைப் பார்த்தார்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தச்சோகை சரியானது போலத் தெரியும், நரம்புக்கு வரும் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். எனக்கு பி12 ஊசியாகவே போகிறது. தினமும் போட்டுவந்த மல்ட்டிவைட்டமினையும் மாற்றினார்கள். அதில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தது. அது அதிகமானால் கருவுக்கு ஆகாது, பீட்டா கரோட்டின் வடிவில் இருப்பதுதான் சரி. புட்டியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்திருந்தால் இதை நானே கண்டுபிடித்திருக்கலாம். ஒன்றரை வருஷம் படிக்கவில்லை.

எடை விஷயமும் இந்தத் தாளில்தான் மாட்டியது. என் பழைய கோப்பில் ஹெப்பாரின் 60 மில்லிகிராம் என்று இருந்தது, அது 116 கிலோவுக்கு எழுதியது. 74 கிலோவுக்கு 40 போதும். ஃபோலிக் ஆசிட் அளவும் அப்படித்தான், பழைய எடைக்கு 5 மில்லிகிராம், இப்போதைய எடைக்கு 400 மைக்ரோகிராம். பழைய சீட்டை நம்பி மருந்து வாங்காதீர்கள். அதில் இருப்பது இன்றைய உடம்பு இல்லை.

எடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. 42 கிலோ குறைத்தவளிடம், கர்ப்பத்தில் 7 முதல் 11 கிலோ வரை ஏற வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஊசி பயமில்லை, கட்டி பயம்கூடப் பழகிவிட்டது. தராசு முள் வலப்பக்கம் நகர்வதைப் பார்க்கத்தான் பயம். அன்று இரவு குழந்தையே வேண்டாமோ என்றுகூட நினைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. எடை பார்க்கும் மெஷினை எடுத்துப் பரண் மேல் வைத்தார். இனி டாக்டரிடம் மட்டும் எடை பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

19ஆம் மாதம் லூப்பை எடுத்தார்கள். அதற்குள் தாளின் மறுபக்கமும் நிரம்பியிருந்தது. விடாமல் வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு வைட்டமின் பி1 சீக்கிரம் தீர்ந்துபோகும், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது அந்த பி1, கொடுக்க வேண்டும். நீர் வற்றினால் கட்டியும் வரலாம். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாத வயிறு என்பதால் நாள் முழுக்கச் சிறு மடக்காகக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு அந்தத் தித்திப்புத் தண்ணீர் வேண்டாம்; எனக்கு அது படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்துவிடும், அதற்குப் பதில் ஒரு வாரம் விரலில் குத்திப் பார்ப்பது. கடும் வயிற்றுவலி வந்தால் சூட்டு வலி, வாயு என்று இருந்துவிடக் கூடாது. மாற்றி இணைத்த குடல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அறுவை சிகிச்சை மருத்துவருக்கு உடனே தகவல். முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதாக இருந்தால் ஹெப்பாரினை 12 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஊசி தொடரும். கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்கு நான்கு முறை அலைந்தேன்.

22ஆம் மாதம், ஒரு விடுமுறை நாள் காலையில் இரண்டு கோடு. சந்தோஷப்பட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் டாக்டர் யாரும் இல்லை. பணியில் இருந்த இளம் டாக்டர், இவ்வளவு சீக்கிரமா, 12 வாரம் போகட்டும் என்றார். அவர் மேல் தப்பில்லை, என்னை அவருக்குத் தெரியாது. வாதாடாமல் தாளை நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார், ரத்தவியல் மருத்துவரைப் போனில் பிடித்தார், திரும்பி வந்து, “இன்னைக்கே போட்டுடலாம்” என்றார். குழந்தைக்கு ஏதும் ஆகுமா என்று கணவர் கேட்டார். இந்த ஹெப்பாரினின் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்றார்.

நர்ஸ் வயிற்றில் மடிப்புப் பிடித்துப் போடக் கற்றுக்கொடுத்தார். 42 கிலோ போன பிறகு தொங்கிப்போன தோல் என் வயிற்றில் நிறைய உண்டு. இரண்டு வருஷமாக இறுக்கமான உள்ளாடையில் மறைத்துவந்தது. கூச்சத்தோடு விலக்கினேன்.

“பரவாயில்லையே, பிடிக்க நல்லா தோதா இருக்கு. மத்தவங்களுக்கு இடம் தேடணும்” என்றார் அவர்.

இப்போது 21ஆம் வாரம். இடப்பக்கம் ஒருநாள், வலப்பக்கம் ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.