ஏற்காட்டு சைக்கோ

நேற்று ராத்திரி சேலம் அஸ்தம்பட்டி ரூமில் ஏற்காட்டில் நடக்கிற ஒரு சைக்கோ கொலைப் படம் பார்த்தோம். கூட இருந்தவன் சேர்வராயன் மலைக்காரன், மலையாளிப் பழங்குடி (பெயரில்தான் மலையாளி, பேசுவது நம்ம தமிழ்தான்). பெண் இன்ஸ்பெக்டர் பாத்திரம் அருமை, கொட்டுகிற மழையில் அவரே ஜீப்புக்கு ஸ்டெப்னி மாற்றுகிற காட்சியை ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அப்புறம் மலைவாசிகள் வந்தார்கள். முகத்தில் கரி, கையில் தீப்பந்தம், வாயில் புரியாத பாஷை. "டேய், எங்கப்பா தோட்டத்துல மிளகு பறிச்சிட்டு சாயங்காலம் சீரியல் பார்க்கிறாரு, தீப்பந்தத்துக்கு எங்கடா போவாரு?" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடைசியில் கொலைகாரன் மாத்திரையை நிறுத்திய மனநோயாளி என்றதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. என் சித்தப்பா இருபது வருஷமாக அந்த மாதிரி மாத்திரை போடுகிறவர், வாயில்லாப் பூச்சி. 1992-இல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' ஐந்து பெரிய ஆஸ்கர்களை வாங்கிய அன்றைக்கே, அந்தப் படம் கொலைகாரனைப் பெண்ணாக மாற ஆசைப்படுகிறவனாகக் காட்டிய விதத்தை எதிர்த்துப் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்கள்) அரங்குக்கு வெளியே போராடினார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் ஆயிற்று, நம்ம ஆட்கள் இன்னும் அதே ஷார்ட்கட்டில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

சித்தப்பா தெருவில் யாரும் இந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்தால் சரி.