கசியும் நீலம்

பெங்களூரில் குவாண்டம் டாட் ஆய்வகத்தில் வேலை என்றால் ஊரில் சொந்தக்காரர்கள், "டிவி கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஏறக்குறைய சரிதான். திரையில் சிவப்பு சிவப்பாகவே தெரிய என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் பிழைப்பு.

குவாண்டம் டாட் என்பவை சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைகடத்திப் படிகங்கள். படிகம் சிறுத்தால் அது விடும் ஒளி நீலப் பக்கம் நகரும், பெருத்தால் சிவப்புப் பக்கம். இந்தத் துறைக்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது கேக் வெட்டினோம். பவெண்டியின் குழு 1993இல் சீரான அளவில் படிகங்களை வளர்த்துக் காட்டியது காட்மியம் சேர்மங்களில். நாங்களோ காட்மியம் இல்லாமல் காலம் தள்ள வேண்டியவர்கள். ஐரோப்பிய விதிப்படி மின்னணுப் பொருட்களில் காட்மியத்துக்கு உச்சவரம்பு 0.01 சதவீதம். அதனால் இண்டியம் பாஸ்பைடு.

பிடிவாதமான பொருள் அது. வெளிவரும் ஒளியின் அலைநீளப் பட்டை குறுகக் குறுகத்தான் நிறம் சுத்தமாகும். காட்மியம் செலினைடு 30 நானோமீட்டருக்குள் குறுகிய ஒளிப்பட்டையை எளிதாகத் தரும். இண்டியம் பாஸ்பைடு 35-க்கு வருவதற்கே மல்லுக்கட்டும். மேலே துத்தநாக செலினைடு, துத்தநாக சல்பைடு என்று ஷெல் (மேலோடு) போர்த்தாவிட்டால் ஒளியே மங்கிவிடும். ஊரே புகழும் பெங்களூர் க்ளைமேட்டும் இதற்கு ஆகாது. காற்றில் ஆக்சிஜனும் ஈரமும் இருக்கிறதே.

புது பேட்ச் வந்ததும் எங்கள் கிருஷ்ணகிரித் தம்பி யூவி டார்ச் அடித்துக் காட்டுவான். "பாருங்க சார், ரத்தச் சிவப்பு! இதுக்கு மேல என்ன வேணும்?" குடுவையில் அழகுதான். ஆனால் குடுவையில் ஒளி கடப்பது சில சென்டிமீட்டர் திரவம். மைக்ரோ எல்இடி திரையில், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி எல்இடி வைத்த திரையில், பிக்சலின் மேல் நாம் பூசுவது பத்து மைக்ரோமீட்டரை ஒட்டிய படலம். கீழேயிருக்கும் எல்இடியின் 450 நானோமீட்டர் நீலத்தைச் சிவப்பாக மாற்ற, அதை அந்தப் படலத்துக்குள்ளேயே முழுசாக விழுங்கியாக வேண்டும். இண்டியம் பாஸ்பைடு அந்த நீலத்தைக் காட்மியம் செலினைடு அளவுக்கு உறிஞ்சாது. மிச்சம் கசிந்து, சிவப்பு ரோஸாகிவிடும்.

சாதாரண எல்சிடி டிவியின் பின்விளக்கு பிலிமில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே திரைக்கு வேண்டிய நீலமே அந்தக் கசிவுதான்! சிவப்பு எல்இடியையே நேராக வைத்தால் என்ன என்று கேட்கலாம். சில மைக்ரோமீட்டருக்குச் சிறுக்கும்போது சிவப்புச் சில்லுகளின் ஓரங்களில் எலக்ட்ரான்கள் வீணாகி, திறன் சரிந்துவிடுகிறது. நீலச் சில்லு அவ்வளவு மோசமில்லை. அதனால்தான் நீலத்தை வைத்து நிறம் மாற்றும் இந்தப் பாடு.

டாட்டை அதிகம் கலந்தால் ஒன்று விட்ட ஒளியை இன்னொன்று தின்றுவிடும். டாட் கலந்த மையும் கெட்டியாகி, அதைப் பூசும் இங்க்ஜெட் நாசில் அடைத்துக்கொள்ளும். டைட்டானியம் டை ஆக்சைடு துகள் சேர்த்தால் நீல ஒளி உள்ளேயே சுற்றிச்சுற்றி அதிகம் உறிஞ்சப்படும். ஆனால் அறை வெளிச்சத்தையும் அது சிதறடிப்பதால், அணைந்த திரையின் கறுப்பு வெளுத்துப்போகும். கடைசியில் கசியும் நீலத்தைத் தடுக்க மேலே ஒரு கலர் ஃபில்டரையும் வைத்துத்தான் தீர வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் மனசே இல்லை. ஃபில்டரே வேண்டாம் என்றுதானே இந்த வழிக்கு வந்தோம்?

மீட்டிங்கில் எல்லோரும் குவாண்டம் யீல்ட் எத்தனை சதவீதம் என்றே கேட்கிறார்கள். உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான கணக்கு அது. உறிஞ்சாமல் விட்டது அதில் வராது. இப்போதெல்லாம் பேட்ச் ரிப்போர்ட்டின் முதல் வரியில் நீலக் கசிவை எழுதச் சொல்கிறேன். யீல்ட் இரண்டாவது வரிக்குப் போனதில் கெமிஸ்ட்ரி ஆட்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.