ரப்பர் மரப் பெட்டியும் ரெண்டு மழையும்

எங்க மார்த்தாண்டம் பக்கம் ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை. தேன்பெட்டிப் பலகை காய நேரமே கிடைக்காது. போன வருஷம் மலிவா கிடைச்சுதுன்னு மருந்தேத்தாத ரப்பர் மரத்துல 4 பெட்டி வாங்கிட்டேன். மழை முடியுறப்போ அடிப்பலகை விரல் பட்டாலே ரஸ்க் மாதிரி உதிருது. இடுக்கு வழியா மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையெல்லாம் நூலாம்படை. ஒரு கூட்டம் பறந்தே போயிடுச்சு.

இந்தத் தடவை பலாப் பலகை. வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் ரெண்டு பூச்சு, நல்லா காஞ்ச பிறகு வெள்ளை பெயின்ட். "வெட்டுமுனைதான் தண்ணியக் குடிக்கும், அங்க இன்னும் ஒரு தடவை பூசு"ன்னார் ஆசாரி. உள்பக்கம் ஒரு சொட்டுகூடக் கூடாது. நம்ம இந்தியத் தேனீக்கு ரோஷம் ஜாஸ்தி, பிடிக்கலைன்னா மூட்டை கட்டிடும்! மேல தகரம், வாசல் பக்கம் லேசா சாய்ப்பு, கால்ல எறும்புக்குத் தண்ணிக் கிண்ணம்.

தை பொறந்தா ரப்பர் துளிர்க்கும். இங்க தேன் பூவுல இல்ல, அந்தத் துளிர்லதான். அதுக்குள்ள பெயின்ட் வாசனை போகணும்னு பெட்டியெல்லாம் மொட்டைமாடி வெயில்ல கிடக்கு.