மலையில் ஏறாத முள்

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று வண்டி வந்தால், எங்கள் பட்டறையில் எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறப்பதில்லை. எப்போது ஏறுகிறது என்று கேட்போம். டிராஃபிக்கில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பார்க்கவேண்டும். வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லையென்றால் வாட்டர் பம்ப். எவ்வளவு ஓட்டினாலும் கீழேயே கிடந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும்.

சேலத்தில் வாடகைக்கு ஓட்டும் ஒருவர் பழைய பெட்ரோல் காரோடு வந்தார். வேறொரு இடத்தில் சென்சார், தெர்மோஸ்டாட் இரண்டையும் மாற்றி, ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவியாகிவிட்டது. அடுத்து ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டு மிரண்டுபோய்தான் எங்களிடம் வந்திருந்தார்.

"ஏற்காடு ஏத்துறப்போ எப்படி இருக்கு?"

"அங்க ஒண்ணும் தொந்தரவு இல்லைங்கண்ணா. நாலு பேரு, மேல லக்கேஜ், அப்பவும் நடுவுலதான் நிக்குது. ராத்திரி ஓமலூர் ரோட்டுல வந்தாத்தான் ஏறிடுது."

பட்டப்பகலில் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கும் இன்ஜின், ராத்திரிக் காற்றில் சமதளத்தில் கொதிக்குமா? கேஸ்கெட் போயிருந்தால் மலையில்தான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

இருந்தாலும் சூடு நிஜமா இல்லையா என்று பார்க்காமல் முள்ளைக் குறை சொல்லக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து கூலண்ட், அதாவது அந்தக் குளிர்விக்கும் திரவம், இருக்கிறதா என்று பார்த்தோம். கூலண்ட் வடிந்துபோன வண்டியில் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாகக் கீழே வரும். அதை நம்பி ஓட்டி ஹெட் வளைந்த வண்டிகளும் எங்களிடம் வந்ததுண்டு. இதில் கூலண்ட் முழுதாக இருந்தது.

ஸ்டார்ட் செய்து ஃபேன் ஓடும்வரை விட்டோம். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் 90 டிகிரியை ஒட்டிக் காட்டியது. ஃபேன் ஓட ஆரம்பித்தால் முள் இறங்கத்தான் வேண்டும். இங்கே சட்டென்று ஒரு நூல் மேலே துள்ளியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். இன்னும் ஏறியது. பிளோயரையும் போட்டால் மேலும் கொஞ்சம். கன் காட்டிய சூட்டில் மாற்றமே இல்லை. லைட் போட்ட நொடியில் இத்தனை லிட்டர் கூலண்ட் சூடாகிவிடாது.

இந்த மாதிரி வண்டியில் சென்சாருக்கு ஒரே வயர். அதன் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, இன்ஜின் உலோகமே. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். மீட்டருக்கோ எர்த் பாடியிலிருந்து வருகிறது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் கியர்பாக்ஸில் இறங்கி, அங்கிருந்து ஒரு பின்னல் பட்டை பாடிக்குப் போகிறது. அந்தப் பட்டை கெட்டால் லைட்டின் கரண்ட் திரும்பி வர வழி போதாமல் பாடியின் வோல்டேஜ் இன்ஜினைவிட உயர்ந்துவிடும். அந்த வித்தியாசம் சென்சார் பக்கமாகக் கூடுதல் கரண்டை இழுக்கும். மீட்டர் அதைச் சூடு என்று காட்டுகிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைப் பாடியிலும் வைத்தோம். லைட் போட்டதும் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 0.2-க்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஸ்டார்ட்டர் கரண்ட் இந்தப் பட்டை வழியாகப் போவதில்லை என்பதால் செல்ஃப் நன்றாகவே அடித்தது. எர்த் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டையை மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றித் திருப்பினால் போல்ட் ஏறும் முனையான லக்குக்குள் பச்சை பூத்து, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுப் பட்டை போட்டு முறுக்கினோம். லைட், பிளோயர், வைப்பர் எல்லாம் போட்டும் முள் அசையவில்லை. ஹெட்லைட் வெளிச்சமும் கூடியிருந்தது.

டேஷ்போர்டு டப்பாவில் கிடந்த பழைய சென்சாரை அவர் எடுத்து நீட்டினார். வெந்நீரில் போட்டு அளந்தேன். ரெசிஸ்டன்ஸ் ஒழுங்காக இறங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை. "அப்போ புதுசக் கழட்டிக் கடையில திருப்பிக் குடுத்துடலாமாண்ணா?" என்றார். மாட்டிக் கழற்றிய எலக்ட்ரிக்கல் சாமானை எந்த ஸ்பேர்ஸ் கடையில் வாங்குகிறார்கள்!